கடுங்குளிரில் எப்பாக்ஸிப் பிசின்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரசாயன சாஸ்திரம் உலகத்துக்கு அளித்த புதிய பதார்த்தங்களுள், எப்பாக்ஸிப் பிசினைப்போல இத்தனை வேறுபட்ட தொழில்களில் இத்தனை விரைவாகப் புகுந்து நிலைபெற்றவை மிகச் சிலவே. சூரிச் நகரில் பல்வைத்தியச் சாமான்கள் தயாரித்த ஒரு நிறுவனத்துக்காகப் பொய்ப்பல் கட்டுவதற்கேற்ற பொருளைத் தேடிய பியர் காஸ்தான் என்ற ஸ்விஸ் ரசாயனி 1938-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் வர்ணத் தொழிலைச் சேர்ந்த சில்வன் கிரீன்லீ அதையடுத்த ஆண்டுகளில் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1946-ல் பேசல் நகரத்துச் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிறு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டும் அந்தப் பசையை நம் நாட்டிலும் அறியாதவர் குறைவு. உலோகத்தையும் கண்ணாடியையும் மரத்தையும் ஒருங்கே பற்றிக்கொள்ளுதல், இறுகும்போது எந்த வாயுவையும் வெளியே தள்ளாமை, மின்சாரம் புகாமல் தடுத்தல் ஆகிய மூன்று குணங்களும் ஒரே பொருளில் கூடி அமைந்திருந்தபடியால், விமான இறக்கை முதல் மின்சுருள் வரை எங்கும் அது இன்றியமையாததாயிற்று.

ஆனால் அறையின் சாதாரண உஷ்ணத்தில் எவ்விதக் குறையுமின்றி உழைக்கும் இதே பிசின், எஃகோடு ஒட்டியிருக்கையில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தப்பட்டால், யாரும் அடிக்காமலும் வளைக்காமலும் இருக்கும்போதே, சில சமயம் தானாக வெடித்துப் பிளந்துவிடுகிறது. இவ்வாறு பாரமே ஏற்றப்படாத ஒரு பொருள் தன்னைத்தானே முறித்துக்கொள்ளும் இந்த நிகழ்ச்சியின் காரணத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால், கடந்த அறுபது ஆண்டுகளாக இப்பிசினைக் குளிருக்குப் பழக்குவதற்கு விஞ்ஞானிகள் செய்த பிரயத்தனங்களில் எவை பலித்தன, எவை பாதி வழியில் நின்றன, ஏன் நின்றன என்பதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய குளிர் ஒரு சில இடங்களில்தான் நமக்குத் தேவைப்படுகிறது. ஆயினும் அவை சாமானியமான இடங்கள் அல்ல. ராக்கெட்டின் எரிபொருளாகிய திரவ ஹைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழ் 253 டிகிரி சென்டிகிரேடில், அதாவது 20 கெல்வினில் கொதிப்பது. லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் 1908-ல் முதன்முதலாகத் திரவமாக்கிய ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிப்பது. அவரே 1911-ல் கண்டறிந்த மீகடத்தல் என்னும் அதிசயம், அதாவது மின்சாரம் சிறிதும் தடையின்றி ஓடும் தன்மை, பெரும்பாலும் இந்தக் குளிரில்தான் நமக்குப் பயன்படுகிறது. ஜெனீவாவை அடுத்த பெரிய துகள்முடுக்கியின் 1232 வளைவுக் காந்தங்கள் 1.9 கெல்வினில் இயங்குகின்றன. பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் அணுப்பிணைவைச் சோதிப்பதற்காகக் கட்டப்படும் ஈட்டர் உலையைச் சுற்றி நிற்கும் பதினெட்டு மாபெரும் சுருள்கள் ஏறத்தாழ 4.5 கெல்வினுக்கு இறக்கப்பட வேண்டியவை. ராக்கெட்டில் எரிபொருட்கலனின் சுவராகவும், காந்தத்தில் கம்பிகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் இடைநிரப்பாகவும் பிசின் இருந்தாக வேண்டும்; இரண்டிடத்திலும் ஒரு மயிரிழை விரிசல்கூடச் சிறிய பிழை ஆகாது.

குளிர்ந்த பொருள் சுருங்குகிறது. எல்லாப் பொருளும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அறை உஷ்ணத்திலிருந்து 4 கெல்வினுக்கு இறங்கும்போது துருவேறா எஃகு தன் நீளத்தில் சுமார் 0.30 சதவீதமும், தாமிரம் 0.33 சதவீதமும், அலுமினியம் 0.41 சதவீதமும் குறைகின்றன; எதுவும் கலவாத எப்பாக்ஸியோ சுமார் 1.16 சதவீதம் குறைகிறது. எஃகோடு ஒட்டிக்கொண்ட பிசின் இவ்வளவு சுருங்க விரும்பியும் எஃகு அதற்கு இடங்கொடாதபடியால், மிச்சமுள்ள 0.86 சதவீதத்தைப் பிசின் இழுவிசையாகத் தன் உடம்பிலேயே தாங்கியாக வேண்டும். அறையில் 3 கிகாபாஸ்கல் அளவாயிருந்த அதன் விறைப்பு இந்தக் குளிரில் இருமடங்குக்கு மேலாகிவிடுவதால், ஒரு திசையில் மட்டும் கட்டுண்ட நிலையிலேயே 60 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவிசை அதனுள் நின்றுவிடுகிறது. இரண்டு திசைகளிலும் கட்டுண்டால் இன்னும் மிகுதி. பல எப்பாக்ஸிகள் அக்குளிரில் இரண்டு மூன்று சதவீத நீட்சிக்குள்ளேயே முறிந்துவிடும் என்பதையும், எந்த வார்ப்பிலும் ஒரு நுண்ணிய காற்றுக்குமிழியோ கூரிய மூலையோ இருந்து அங்கே விசை பன்மடங்காகத் திரளும் என்பதையும் சேர்த்து எண்ணினால், தானாக வெடிப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்தச் சுருக்கத்தில் மிகப் பெரும்பகுதி திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எல்லாப் பொருள்களும் ஏறத்தாழ அசையாமல் நின்றுவிடுகின்றன. செலவு குறைந்த நைட்ரஜனில் செய்யும் பரிசோதனைக்குப் பெருமதிப்பு உண்டாவது இதனாலேயே.

பிசின் நீளாமைக்குக் காரணம் அதன் மூலக்கூறுகளின் அமைப்பில் இருக்கிறது. பிஸ்பீனால்-ஏ என்ற பொருளும் எபிகுளோரோஹைட்ரின் என்ற பொருளும் கூடிப் பிறக்கும் குறுகிய சங்கிலிகள், ஹார்டனர் என்ற இறுக்கும் பொருளைச் சேர்த்தவுடன் நாற்புறமும் ஒன்றோடொன்று பிணைந்து, வார்ப்பு முழுவதுமே ஒரே மூலக்கூறு என்று சொல்லத்தக்க ஒரு வலையாகிவிடுகின்றன. வலையின் முடிச்சுகள் நெருங்க நெருங்க உஷ்ணத்தைத் தாங்கும் சக்தி வளர்கிறது. ஆனால் சங்கிலித்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம் மாறும் சுதந்திரம் குறைகிறது. அறை உஷ்ணத்தில் அந்த வலை கண்ணாடிநிலையில் உறைந்திருப்பினும், சங்கிலியின் சிறுசிறு அங்கங்கள் மட்டும் அங்கங்கே அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழ் 60 டிகிரியை ஒட்டி அவ்வசைவுகளில் முக்கியமான ஒன்று அடங்குகிறது. இன்னும் கீழே இறங்கினால் அதைவிடச் சிறிய அசைவுகளும் அடங்குகின்றன. திரவ ஹீலியத்தின் குளிரில் அவ்வலையில் உருத்திரிந்து கொடுக்கக்கூடிய அங்கம் அநேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை.

முறிவைப் பற்றிச் சரியாகச் சிந்திக்க உலகத்துக்குக் கற்பித்தவர், இங்கிலாந்தில் பார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஏ. ஏ. கிரிபித். விரிசல் ஒன்று முன்னேற வேண்டுமானால் இரண்டு புதிய மேற்பரப்புகள் உண்டாக வேண்டும்; அதற்குச் சக்தி செலவாகும்; அச்சக்தியைப் பொருள் தன்னுள் தேக்கிவைத்த இழுவிசையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று 1921-ல் அவர் கண்ணாடியைக்கொண்டு நிறுவினார். ஆகவே ஒவ்வொரு முறிவிலும் ஒரு பக்கம் தேக்கம், மறுபக்கம் செலவு என்று இரண்டு தொகைகள் இருக்கின்றன. செலவுத்தொகை சாதாரணக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குப் பத்து ஜூல் அளவினது. கலப்பற்ற எப்பாக்ஸியில் 100 முதல் 300 வரையில். நல்ல எஃகிலோ பல்லாயிரம். பிசினை வலுப்படுத்துவதென்றால் இந்தச் செலவுத்தொகையை உயர்த்துவது என்றே ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் கருதினர். தேக்கத்தைக் குறைத்தாலும் விரிசல் நிற்கும் என்ற உண்மை கிரிபித்தின் கணக்கிலேயே அடங்கியிருந்தும், கடுங்குளிரில் அதன் முழு மதிப்பும் வெளிப்பட வெகுகாலம் சென்றது.

செலவை உயர்த்தும் உபாயங்களில் தலைசிறந்தது ரப்பர். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிரடெரிக் மக்காரியும் அவருடைய கூட்டத்தாரும், பியூட்டடையீனும் அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த, இரு முனைகளிலும் அமிலக்கூறு கொண்ட ஒரு திரவ ரப்பரை எப்பாக்ஸியில் கரைத்துப் பார்த்தனர். கரைந்திருந்த ரப்பர், பிசின் இறுகும் தறுவாயில் அதிலிருந்து பிரிந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள எண்ணற்ற உருண்டைகளாகப் பரவி நின்றது. முறிவுச் செலவு பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அந்த ரப்பர் உருண்டைகள்தாம் நீண்டு நீண்டு சக்தியை விழுங்கின என்று முதலில் எண்ணத் தோன்றும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அந்தோணி கின்லாக் முதலானோர் பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தபோது, பெரும்பங்கு சக்தியை விழுங்குவது சுற்றிலுமுள்ள எப்பாக்ஸியே என்பது தெளிவாயிற்று. விரிசலின் முனையில் மூன்று திசைகளிலும் எழும் இழுவிசையால் மென்மையான ரப்பர் உருண்டை தன்னுள்ளே பிளந்து ஒரு வெற்றிடம் திறக்கிறது; அவ்வெற்றிடத்தால் நெருக்கடி தளர்ந்த எப்பாக்ஸி, பக்கத்துப் பக்கத்து வெற்றிடங்களுக்கிடையில் சரிந்து உருமாறுகிறது; அந்த உருமாற்றத்தில்தான் சக்தி கரைகிறது. ரப்பர், தான் முதலில் விட்டுக்கொடுத்து, விறைத்து நின்ற பிசினுக்கும் விட்டுக்கொடுக்கும் சந்தர்ப்பத்தை உண்டாக்குகிறது.

இந்த விளக்கம் எவ்வளவு அழகானதோ, கடுங்குளிரில் இம்முறை ஏன் தளர்ந்துபோகிறது என்பதையும் அவ்வளவு தெளிவாகக் காட்டுவது. ரப்பரின் மென்மை எல்லா உஷ்ணநிலைக்கும் உரியதன்று. 1986-ல் சாலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை விசாரித்த குழுவின் முன்னிலையில் ரிச்சர்ட் பெய்ன்மன் ஒரு ரப்பர் வளையத்துண்டைப் பனிநீரில் அமிழ்த்தி எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே மீளாமையைக் காட்டியபோது அந்நீர் பூஜ்ய டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. எப்பாக்ஸியில் கலக்கும் அந்தத் திரவ ரப்பர் பூஜ்யத்துக்குக் கீழ் 50, 60 டிகிரியிலேயே கண்ணாடிநிலையை அடைந்துவிடுகிறது. அக்கணம் அதன் விறைப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதன்பின் அந்த உருண்டை எளிதில் பிளந்து விட்டுக்கொடுப்பதில்லை. அதைச் சூழ்ந்த பிசினும் சரிவதற்கு முன்னைவிடப் பன்மடங்கு விசையை வேண்டி நிற்கிறது. பாலிசிலாக்ஸேன் எனப்படும் சிலிக்கோன் ரப்பர் பூஜ்யத்துக்குக் கீழ் 120 டிகிரியைக் கடந்தும் மென்மையாயிருக்கும் பெருமை உடையது. ஆதலால் அதை உள்ளீடாகவும் எப்பாக்ஸியோடு பொருந்தும் வேறொரு பொருளை மேலோடாகவும் கொண்ட நுண்துகள்கள் ஆக்கப்பட்டன. அவற்றை இம்பீரியல் கல்லூரியில் பூஜ்யத்துக்குக் கீழ் 109 டிகிரியில் சோதித்தபோது, வலுவேற்றம் அறை உஷ்ணத்தில் கண்ட அளவுக்கு இல்லையெனினும் கணிசமாகவே நிலைத்திருந்தது. ஆயினும் திரவ ஹைட்ரஜன் இருக்குமிடம் அதற்கும் 144 டிகிரி கீழே. அங்கே ரப்பராக எஞ்சும் ரப்பர் உலகத்தில் இல்லை.

ரப்பரை விட்டு வேறு திசையில் சென்றவர்கள் உண்டு. பாலிஈத்தர்சல்போன், பாலிஈத்தர்இமைடு போன்ற கெட்டியான நெடுஞ்சங்கிலிப் பிளாஸ்டிக்குகள் இருநூறு டிகிரிக்கு மேலும் இளகாதவை. குளிர்ந்தால் பெரிதாக மாறுவதற்கு அவற்றிடம் ஒன்றும் இல்லாதபடியால் ரப்பரைப்போல் திடீரென்று கைவிடுவதும் இல்லை. அவை பிசினுள் துளிகளாகச் சிதறி நின்றால் பயன் குறைவு. பிசினையே தம்முள் துளிகளாகச் சூழ்ந்துகொண்டு தொடர்ச்சியான வலையாக நின்றால் பயன் மிகுதி. வேறு சிலர் வலையின் முடிச்சுகளுக்கிடையில் நீண்டு துவளும் பாலிஈத்தர் சங்கிலிகளைப் புகுத்தும் ஹார்டனர்களை நாடினர். பெய்ஜிங்கிலுள்ள சீன விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் இவ்வகை வளையும் அமீன் ஹார்டனர்களையும், மரக்கிளைபோல் பிரிந்து செல்லும் பாலியெஸ்டர்களையும் கலந்து, 77 கெல்வினில் வலிமையும் தாக்குதலைத் தாங்கும் சக்தியும் ஒருங்கே உயர்வதைக் கண்டனர். ஜப்பானில் ஒஸாகா பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே சென்று, நாற்புறமும் நெருங்கப் பிணைந்த வலையைவிடச் சங்கிலிகள் பெரும்பாலும் நீளவாட்டில் அமைந்த வலையே கடுங்குளிரில் முறிவை நன்கு தாங்குகிறது என்று காட்டிற்று. அசைவு முழுவதும் உறைந்தபின்பும், விரிசல் முனையின் உக்கிரமான விசைக்கு இசைந்து சிறிதேனும் நகரக்கூடிய இடைவெளி அத்தகைய அமைப்பில் எஞ்சியிருக்கிறது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

வளையும் சங்கிலிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதை நான் முதன்மையானதாகவே மதிக்கிறேன். பிசினில் இழுவிசை தேங்கத் தொடங்குவது அறை உஷ்ணத்திலிருந்தன்று. அது இறுகிக் கண்ணாடிநிலை அடைந்த உஷ்ணத்திலிருந்தே. 177 டிகிரியில் வேகவைத்து இறுக்கப்படும் விமானப் பிசின் திரவ ஹைட்ரஜனைத் தொடும்போது 430 டிகிரி இறங்கியிருக்கிறது. அறையிலேயே இறுகும் பிசின் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே இறங்குகிறது. வளையும் சங்கிலிகள் கண்ணாடிநிலை தொடங்கும் உஷ்ணத்தைத் தாழ்த்திவிடுவதால், செலவை உயர்த்துவதோடு தேக்கத்தையும் குறைக்கின்றன. அதற்குரிய விலையும் உண்டு: வெயிலில் நிற்கும் ஏவுதளத்தில் அத்தகைய பிசின் இளகிப் பாரத்தின்கீழ் மெல்ல மெல்ல நீண்டுவிடும். ராக்கெட்டின் கலன் ஒரே நாளில் இரண்டு கொடுமைகளையும் காண வேண்டியது.

தேக்கத்தை நேராகத் தாக்கும் பழைய வழி, பிசினில் மண்பொருளைக் கலப்பது. அலுமினாப் பொடி மிகுதியாகச் செறிந்த ஸ்டைகாஸ்ட் என்ற கறுப்புப் பிசின், 4 கெல்வினுக்கு இறங்குகையில் 0.44 சதவீதமே சுருங்குவது. அலுமினியத்தின் சுருக்கத்துக்கு இவ்வளவு நெருங்கி நிற்பதால் உலகெங்கும் குளிர்ப் பௌதிக ஆய்வுக்கூடங்களில் அது இன்றுவரை கைவிடப்படவில்லை. பொடி, பிசினின் ஓட்டத்தைக் கெடுப்பதால் நெருக்கமான சுருள்களுக்குள்ளே அதைப் புகுத்த முடியாது என்பதே அதன் குறை. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்சிலிகா இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அத்துகள்களைப் பருமனில் 13 சதவீதம் சேர்த்தபோது, முறிவுச் செலவு 100 ஜூலிலிருந்து 460 ஜூலுக்கு உயர்ந்ததை இம்பீரியல் கல்லூரியார் 2007-ல் வெளியிட்டனர். அது அறை உஷ்ணத்துக்குரிய கணக்கு. குளிரிலோ பிசின் துகளைவிட அதிகமாகச் சுருங்கி அதை இறுகப் பற்றிக்கொள்வதால், துகள் பிசினிலிருந்து கழன்று வெற்றிடம் திறக்கும் செயல் தடைப்படுகிறது. ஆனால் மொத்தச் சுருக்கம் குறையும் நன்மை குளிரிலும் முழுமையாக நிற்கிறது.

இனி, இத்துறையில் எல்லோருக்கும் பாடமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் பறக்கக்கூடிய விண்கலத்துக்கு முன்னோடியாக அமெரிக்காவில் எக்ஸ்-33 என்ற ஊர்தி கட்டப்பட்டது. அதன் திரவ ஹைட்ரஜன் கலன் கார்பன் இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த இரண்டு மெல்லிய சுவர்களுக்கிடையில் தேன்கூட்டு அமைப்பை வைத்துச் செய்யப்பட்டிருந்தது. பிசின் சாதாரணமானதன்று, மேலே கூறிய பிளாஸ்டிக் வகையால் வலுவேற்றப்பட்ட, பெயர்பெற்ற விமானப் பிசின். 1999 நவம்பர் 3-ஆம் தேதி அலபாமா மாகாணத்து ஹண்ட்ஸ்வில்லில் அக்கலனில் திரவ ஹைட்ரஜனை நிரப்பி, பறக்கும்போது வரக்கூடிய பாரங்களையும் ஏற்றிச் சோதித்தார்கள், கலன் தாங்கியது. எரிபொருளை வெளியேற்றிக் கலன் வெதுவெதுப்படையத் தொடங்கிய சிறிது நேரத்தில், வெளிச்சுவரின் ஒரு பெரும்பகுதி தேன்கூட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்பிவிட்டது. உட்சுவரில் குளிரால் விழுந்த நுண்விரிசல்கள் வழியாக ஹைட்ரஜன் தேன்கூட்டுக்குள் கசிந்திருந்தது. வெளியே சூழ்ந்திருந்த நைட்ரஜன் வாயுவும் குளிரால் உள்ளே உறிஞ்சப்பட்டிருந்தது. உஷ்ணம் ஏறியபோது இவை விரிந்து, எதிர்பார்த்ததைவிட வலுக்குறைவாக இருந்த ஒட்டைப் பிளந்தன. ஒட்டுவேலையில் இருந்த குறைகளும் துணைநின்றன என்று விசாரணை அறிக்கை கூறியது. 2001 மார்ச்சில் அத்திட்டமே கைவிடப்பட்டது.

அந்தச் சுவரினுள் நடந்தது என்ன? கார்பன் இழை, தன் நீளவாட்டில் குளிருக்குச் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். மிகச் சிறிதளவு நீளவே செய்கிறது. இழைக்குக் குறுக்காகவோ, பிசினின் சுருக்கமே மேலோங்குகிறது. ஒரு படலத்தின் இழைகள் கிழக்கு மேற்காகவும் அடுத்த படலத்தின் இழைகள் வடக்கு தெற்காகவும் அமையும்போது, ஒவ்வொரு படலத்தின் குறுக்குச் சுருக்கத்தையும் அடுத்த படலத்தின் இழை தடுத்து நிறுத்துகிறது. எஃகோடு ஒட்டிய பிசினின் கதைதான் இங்கே இழையளவில், கலன் முழுவதும், ஆயிரமாயிரம் இடங்களில் திரும்ப நடக்கிறது. அறை உஷ்ணத்தில் அளந்து பெற்ற முறிவுச் செலவு எண் பெரிதாயிருந்தது என்பது அங்கே காப்பாற்றவில்லை.

இதற்குத் தீர்வு பிசின்சாலையிலிருந்து வரவில்லை என்பதே எனக்கு மிகவும் கவனிக்கத்தக்கதாகப் படுகிறது. 1978-ல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பார்விசி, காரெட், பெய்லி என்ற மூவர், கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த தகடுகளில் நடுப்படலத்தின் கனத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சோதித்தார்கள். கனமான படலத்தில் எளிதில் விழுந்த குறுக்கு விரிசல், படலம் மெலிய மெலியத் தாமதித்தது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தபோது விழவேயில்லை. பிசின் அதேதான், இழையும் அதேதான். ஏரி வற்றும்போது ஆழமான சேறு பாளம் பாளமாக வெடிப்பதையும், அதே சேறு கரையோரத்துக் கல்லில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தால் வெடிக்காமல் காய்ந்து ஒட்டிக்கிடப்பதையும் கண்டவர்களுக்கு இதன் நியாயம் புலப்படும். விரிசல் தின்னக்கூடிய தேக்கம் படலத்தின் கனத்துக்குத் தக்கபடியே இருக்கும். கனம் போதாவிட்டால், விசை எவ்வளவு உக்கிரமாயிருந்தும், புதிய பரப்பை உண்டாக்கும் செலவுக்கு அங்கே முதல் இல்லை. இந்த நியாயத்தைக் கைக்கொண்டு, சாதாரண அளவில் பாதியை ஒட்டிய கனமுள்ள மெல்லிய படலங்களைச் சுவரின் நடுவே வைத்து, போயிங் நிறுவனம் நாசாவுக்காக 5.5 மீட்டர் விட்டமுள்ள கலனொன்றைக் கட்டிற்று. எக்ஸ்-33-ன் கலன் சிதைந்த அதே ஹண்ட்ஸ்வில்லில் 2014-ல் அது திரவ ஹைட்ரஜனோடும் பாரத்தோடும் சோதிக்கப்பட்டுத் தேறியது.

காந்தங்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. வலிமை மிக்க காந்தங்களுக்கு வேண்டிய மீகடத்தும் பொருளாகிய நையோபியம்-வெள்ளீயச் சேர்மம் தானே எளிதில் நொறுங்குவது. சுமார் 650 டிகிரியில் சுட்டெடுத்த பின் அதை வளைக்கக்கூடாது. ஆகவே சுருளை முதலில் சுற்றி, சுட்டு, அதன்பின் வெற்றிடத்தில் வைத்து எப்பாக்ஸியை உள்ளே ஊறவிட்டு இறுக்குகிறார்கள். காந்தவிசையால் கம்பிகளின்மேல் 100 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தம் வரும்போது அதைப் பரப்பித் தாங்குவது அந்தப் பிசினே. இங்கே விரிசலின் தீங்கு வேறுவிதமானது. 4 கெல்வினில் தாமிரத்தின் உஷ்ணக் கொள்ளளவு, அறையில் உள்ளதில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்காகக் குன்றிவிடுகிறது. முன்பு கூறிய 60 மெகாபாஸ்கல் இழுவிசையில் ஒரு கன மில்லிமீட்டர் பிசின் தேக்கிவைத்திருக்கும் சக்தி சுமார் கால் மில்லிஜூல். ஒரு கன மில்லிமீட்டர் தாமிரத்தை 4.2 கெல்வினிலிருந்து 10 கெல்வினுக்கு ஏற்றுவதற்கோ ஐம்பதில் ஒரு மில்லிஜூல் போதும். தேங்கியது முழுவதும் உஷ்ணமாக மாறாவிட்டாலும், கடுகளவு பிசின் பிளந்தால் பக்கத்துக் கம்பி மீகடத்தும் தன்மையை இழக்கக்கூடும். இழந்த இடம் சூடேறி, சூடு பரவி, காந்தம் முழுவதும் சில நொடிகளில் அணைந்துவிடும்.

புதிய காந்தம் முதல் மின்னோட்ட ஏற்றத்தில் தன் இலக்குக்கு வெகு கீழேயே அணைந்து, அடுத்த ஏற்றத்தில் இன்னும் சற்று மேலே சென்று அணைந்து, இப்படிப் பலமுறை பயின்று இலக்கை எட்டும் வழக்கத்தை நிபுணர்கள் பயிற்சி என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு அணைவிலும் எங்கோ ஒரு பிசின்திட்டு பிளந்தோ, ஒட்டு விட்டோ தன் தேக்கத்தைக் கழித்துவிடுவதுதான் அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி. காந்தத்தின் உடம்பில் ஒலியறியும் கருவிகளைப் பொருத்தி, பிசின் வெடிக்கும் நுண்ணொலிகளைக் கேட்டு இதை உறுதிசெய்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணைவிலும் ஹீலியம் வீணாகிறது, நாட்கள் கழிகின்றன. நூற்றுக்கணக்கான காந்தங்களைக்கொண்ட முடுக்கியில் இது பெருஞ்செலவு. பிசின் மட்டும் தனியே தேங்கும் குழிகள் சுருளில் எங்கும் இல்லாதபடி கண்ணாடித்துணியால் இட்டு நிரப்ப வேண்டும் என்று காந்தம் கட்டுவோர் வற்புறுத்துவது, சர்ரேயில் கண்ட மெல்லிய படலத்தின் நியாயத்தையே வேறு தொழிலில் கடைப்பிடிப்பதாகும்.

ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுநிலையத்தாரும் நெதர்லாந்தின் ட்வென்ட பல்கலைக்கழகத்தாரும் அண்மை ஆண்டுகளில் செய்த பரிசோதனைகள் இந்த விவாதத்துக்கு ஒரு புதுத் திருப்பத்தைக் கொடுத்தன. நையோபியம்-வெள்ளீயக் கம்பியைப் பள்ளத்தில் பதித்த சிறு மாதிரிகளில், பலவகை எப்பாக்ஸிகளையும், அவற்றோடு சாதாரணப் பாரபின் மெழுகையும் ஊறவிட்டுப் பார்த்தார்கள். எப்பாக்ஸி ஊறியவை பயிற்சி வேண்டி நின்றன. மெழுகு ஊறியவை ஏறத்தாழப் பயிற்சியே இன்றி இலக்கை அடைந்தன. மெழுகு எப்பாக்ஸியைவிட மிகவும் வலுக்குறைந்தது. எதையும் உறுதியாகப் பற்றுவதும் இல்லை. அந்தக் குறைகளாலேயே அது பெரிய இழுவிசையைத் தேக்கும் முன்னரே ஆங்காங்கே சிறிது சிறிதாகக் கழன்றுவிடுகிறது. ஒரு கம்பியை அணைக்கும் அளவுக்கு ஒரே கணத்தில் விடுவிக்க அதனிடம் சேமிப்பு இல்லை. வலிமை மிக்க பிசின் நெடுநேரம் தாங்கி, தாங்கிய அனைத்தையும் ஒரே வெடிப்பில் கொட்டிவிடுகிறது. முறிவுச் செலவை மட்டும் உயர்த்துவது, தேக்கத்தை அப்படியே விட்டுவைத்தால், முறிவைத் தள்ளிப்போட்டு அதன் வேகத்தை வளர்ப்பதாகவும் முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய காந்தத்தின் அழுத்தங்களை மெழுகை மட்டும் நம்பித் தாங்கச் செய்வது எல்லா அமைப்புக்கும் இயலாது; கம்பியை ஒவ்வொரு சுற்றிலும் உலோகப் பள்ளம் தாங்குமாறு வகுத்த காந்தங்களில்தான் அதற்கு இடம் உண்டு. ஈட்டர் போன்ற உலைகளில் கதிர்வீச்சு வேறு பிசினைச் சிதைப்பதால், அங்கே எப்பாக்ஸியோடு சயனேட் எஸ்டரைக் கலந்த பிசினைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்நிலையில் புதுக் கலவை ஒன்றை எடைபோடும் முறையிலும் மாற்றம் வேண்டும் என்பது என் துணிபு. பிசினைத் தனியே வார்த்து, வெட்டு ஒன்றை இட்டு, திரவ நைட்ரஜனில் இழுத்து முறித்துப் பெறும் எண், கலவைகளைத் தம்முள் ஒப்பிடப் பயன்படும்; அதுகூட எச்சரிக்கையோடுதான், ஏனெனில் நைட்ரஜனே சில பிளாஸ்டிக்குகளின் மேற்பரப்பில் படிந்து அவற்றை நுண்ணிய கீறல்களுக்கு ஆளாக்குவதும், ஹீலியத்திலோ வெற்றிடத்திலோ அதே பொருள் அவ்வாறு கீறாமையும் 1970-களிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. பிசினை அதன் துணையோடு சேர்த்துச் சோதிக்கும் முறை மிகப் பழையது, எளியது: கூரிய ஓரமுள்ள எஃகு வளையமொன்றைப் பிசினுள் பதித்து இறுகவிட்டு, குளிர்த்தொட்டியில் இறக்கி, வெளியே எடுத்து வெதுவெதுப்பாக்கி, மீண்டும் இறக்கி, எத்தனையாவது முறையில் விரிசல் தோன்றுகிறது என்று எண்ணுவது. மின்காப்புத் தொழிலில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் இச்சோதனையில் சுருக்கமும் விறைப்பும் ஒட்டும் முறிவுச் செலவும் ஒருங்கே வந்து சேர்கின்றன. பதிக்கும் உலோகத்தையும் அதைச் சூழும் பிசினின் கனத்தையும் கலனுக்கோ காந்தத்துக்கோ உரிய அளவில் வைத்துக்கொண்டால், அந்தப் பிசின் அந்த இடத்துக்குத் தகுமா என்ற கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் விடை கிடைக்கும்.